இரவல் குரலில் ஐந்து படங்கள்

வட பிரான்சில், ரூபே நகரத்தின் ரயிலடித் திரையரங்கில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஒரு முழுத் தெருவே உட்கார்ந்திருந்தது. நூற்பாலையில் வேலை செய்கிறவர்கள், செய்து ஓய்ந்தவர்கள், ஆலை மூடி வேலை போனவர்கள் என்று எழுபது பேருக்குக் குறையாது. முன்வரிசை நடுவில் சுல்மா வெர்பேக். சந்தை மைதானத்தில் வண்டி போட்டு உருளைக்கிழங்கு வறுத்து விற்கிறவள், எண்ணெய் வாடை போக மூன்று முறை தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். பக்கத்தில் மகள் ரெஜின், வயது இருபத்தாறு. ஆண்டு 1979. திரையில் ஓடப்போவது ரெஜின் நடித்த முதல் படம்.

இருபது நிமிடம் கழித்து ரெஜின் திரையில் வந்தாள். தெரு கைதட்டியது. மழையில் தொப்பலாக நனைந்து ஒரு மருத்துவரின் கதவைத் தட்டினாள். அவர் திறந்ததும் வாயைத் திறந்தாள். வந்த குரல் அவளுடையது அல்ல. பாரிஸின் வசதியான பேட்டையில் பிறந்து, பியானோ கற்று, பாட்டில் தண்ணீர் குடித்து வளர்ந்த எவளோ ஒருத்தியின் குரல். வழவழவென்று, ஓர் எழுத்தும் பிசிறாமல் வந்தது. உதடு ரெஜினுடையது, பல் ரெஜினுடையது, கழுத்தில் புடைத்த நரம்பும் அவளுடையதுதான். பேச்சு மட்டும் இரவல்.

கைதட்டல் பாதியில் நின்றது. சுல்மா மகள் பக்கம் திரும்பிக் கேட்டாள். அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது.

"ஏட்டி, அது யாரு பேசுதது?"

"தெரியல எம்மா."

"ஒன் வாயில எவளோ பேசுதா, ஒனக்கே தெரியலங்கெ?"

பின்வரிசையிலிருந்து ஒரு கிழட்டுக் குரல், "அன்னைக்கி தொண்டை கட்டிருந்திச்சோ என்னமோ, பாவம் பிள்ள" என்றது. ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அரங்கம் சிரித்துவிட்டது. மீதிப் படம் முழுக்க ரெஜின் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் ரெஜினை விட எனக்குத்தான் கோபம் வருகிறது. ஏனென்றால் யாரும் அவளை ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் ஒரு சண்டையாவது போடலாம். சொல்ல வேண்டும் என்றே ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவள் அந்தத் தொழிலுக்கு வந்த கதையைச் சொன்னால் இது விளங்கும். பதினெட்டு வயதில் ரெஜின், தபாலில் துணி விற்கும் ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் குளிர்கால அங்கி படம்பிடிக்க வர வேண்டிய மாடலுக்குக் காய்ச்சல். அதே உயரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று புகைப்படக்காரர் கிடங்கில் எட்டிப் பார்த்தார். கையில் கயிறும் வாயில் பேச்சுமாக நின்றவளைக் கூட்டிப்போய் அங்கியை மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு நான்கு வருடம், செங்கல் கனத்துக்கு அச்சடித்து வீடுவீடாக அனுப்பும் அந்தக் கம்பெனிப் புத்தகத்தில் அங்கி, ஏப்ரன், உள்ளாடை, கம்பளிக் காலுறை எல்லாவற்றிலும் அவள்தான். வட பிரான்சில் அவள் முகம் இல்லாத சமையலறை இல்லை. அப்புறம் பாரிஸ். மேடையில் நடக்கும் வேலை, வாசனைத் திரவிய விளம்பரம். அங்கே உடுத்திவிடும் பெண்கள் அவள் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். "பேசாதே கண்ணு, முகம் கெடுது" என்பார்கள். சகரத்தைத் தடிப்பாக்கி, வாக்கியத்தை இழுத்து, கடைசிச் சொல்லைக் கீழே போடும் வடக்கத்திப் பேச்சு அவளுடையது. புகைப்படத்துக்குப் பேச்சு எதற்கு? எட்டு வருடம் அவளிடம் யாரும் குரல் கேட்கவில்லை. சினிமாவில் கேட்பார்கள் என்று நம்பித்தான் போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை முதல் ரயிலில் பாரிஸ் போய் இயக்குநரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். அவர் காப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா? மாடல்னா அப்படித்தானேம்மா" என்றார், உண்மையான ஆச்சரியத்துடன். "உங்க முகம் வேணும்னுதான் உங்கள கூப்பிட்டோம். குரல் வேணும்னா நாடகக்காரிய கூப்பிட்டிருப்போமே."

"அப்பம் நாப்பத்தொரு வசனத்தையும் என்னத்துக்கு மனப்பாடம் பண்ணச் சொன்னிய?"

"உதடு சரியா அசையணும் இல்லையா?"

ரெஜின் அந்த ரொட்டியை எடுத்து அவர் தலையில் பிழிந்திருக்கலாம். பிழியவில்லை. "பேசுனவ பேரு என்ன, எங்கன இருப்பா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

பேசியவள் பெயர் உகெத் கசனாவ். நகரத்தின் வடக்கு விளிம்பில், கார் பட்டறைகளுக்கு நடுவே இருந்த டப்பிங் கூடத்தில் இருந்தாள். ரெஜின் ஒரு பாரிஸ் சீமாட்டியை எதிர்பார்த்துப் போனாள். இருட்டறையில் நின்றது தன் வயதே ஆன, குள்ளமான, மூக்கு சிவந்த ஒரு பெண். கக்கத்தில் பின்னல் ஊசிகள். எதிரே திரையில் ஓர் அமெரிக்கப் படம் ஓடியது. அதற்குக் கீழே, கையால் எழுதிய வசனம் ஒரு நீளப் பட்டையில் வலமிருந்து இடமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பட்டைக்குக் குறுக்கே அசையாமல் நின்ற ஒரு சிவப்புக் கோட்டினை எழுத்து தொடும் கணத்தில் உகெத் அதைப் பேசினாள். எழுத்து நீண்டிருந்தால் நீட்டினாள், நெருக்கியிருந்தால் ஓடினாள். திரையில் இருந்த பொன்முடிக்காரி பிறந்ததிலிருந்தே பிரெஞ்சு பேசியவள் போல ஆகிவிட்டாள். வேலை முடிந்து விளக்கு எரிந்ததும் உகெத் திரும்பிப் பார்த்தாள். உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"ஓ, நீயா? உன் மேல் உதடு ரொம்பத் தொல்லைம்மா. ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன்."

"ஏங் குரல எடுத்துட்டு உதட்டுலயும் குத்தம் சொல்லுதியோ?"

"எடுக்கல. கூப்பிட்டாங்க, வந்தேன். உன் மூஞ்சி எனக்கிருந்தா இந்த இருட்டுல நான் எதுக்கு நிக்கறேன்?" உகெத் ஊசிகளைப் பைக்குள் போட்டாள். "நான் தெற்கே தார்ப்பு ஊர்க்காரி. என் பேச்சக் கேட்டும் இவங்க சிரிச்சாங்க. நான் வழிச்சுப் போட்டுட்டேன், நீ வச்சிருக்க. அப்புறம் ஒண்ணு. படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடிச்சே, அதுல என் பேரு எங்கயாவது பாத்தியா?"

பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் குரல்காரர்களின் பெயரைத் திரையில் போடுவதே இல்லை. ரெஜின் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த ஏழு வருடத்தில் நான்கு படங்கள். நான்கிலும் ரெஜினின் முகம், உகெத்தின் குரல். தயாரிப்பாளர்கள் இருவரையும் ஒரு ஜோடிச் செருப்பைப் போல ஒன்றாகவே ஒப்பந்தம் செய்ய ஆரம்பித்தார்கள். 'படத்தின் தேவைக்கேற்ப நடிகையின் குரலுக்குப் பதில் வேறு குரலைப் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். ரெஜின் ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்து அதைக் கிழிகிற மாதிரி அடிப்பாள். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டச்சு செய்து அந்த வரியோடு திரும்பி வரும். கையெழுத்துப் போடாவிட்டால் வேறு உயரமான பெண் போடுவாள். நான்கு முறை சண்டை, நான்கு முறை கையெழுத்து. விழாக்களில் அவளும் உகெத்தும் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் பார்க்காதது போலத் தட்டில் இருக்கும் ஒலிவக் காய்களைப் பார்ப்பார்கள்.

முப்பத்துமூன்று வயதானதும் சினிமா அவளை விட்டது, தொலைக்காட்சி பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால், பிணமாக. வியாழக்கிழமைத் துப்பறியும் தொடர்களில் ஆற்றங்கரையில், குளியல் தொட்டியில், ஒருமுறை வாத்துப் பண்ணையில் என்று ஏழு தொடர்களில் நான்கில் பிணமாகக் கிடந்தாள். மீதி மூன்றில் வசனம் இல்லாத வேடம். மூச்சை அடக்கிக்கொண்டு கண் இமைக்காமல் கிடக்க மாடல் தொழிலில் இருந்தவளை விட நல்ல ஆள் கிடைக்குமா? சுல்மா ஒன்றையும் விடாமல் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போன் செய்வாள்.

"இன்னைக்கி நல்லா செத்திருந்தட்டி. பொணத்துக்கு வேற குரலு வைக்க முடியாதுல்லா. இதுதான் ஒனக்குள்ள வேல."

ரெஜின் சிரித்தாள். பிறகு அன்றே ஒரு பேச்சு ஆசிரியரைத் தேடிப் போனாள். ஒயின் பாட்டிலின் கார்க்கை முன்பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு தினம் இரண்டு மணி நேரம் உரக்க வாசிக்க வேண்டும். வாயோரம் புண்ணாகும் வரை வாசித்தாள். மூன்றே மாதத்தில் பாரிஸ் பேச்சு வந்துவிட்டது. ஆசிரியரே அசந்துபோனார். அந்த மகிழ்ச்சியில் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"ஹலோ அம்மா, நான்தான் பேசறேன். எப்படி இருக்கீங்க?"

"யாருங்க பேசுதிய? வரி ஆபீசா?"

"அம்மா, நான் ரெஜின் பேசறேன்."

மறுமுனையில் வறுவல் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுல்மா மரியாதையாகவே சொன்னாள்.

"ரெஜினு செத்த நேரங்கழிச்சிப் பேசட்டும். நீங்க வைங்க."

ரெஜின் கார்க்கை ஜன்னல் வழியே வெளியே எறிந்தாள். கீழே முற்றத்தில் யாரோ திட்டினார்கள். அவளால் பாரிஸ் பேச்சு பேச முடியும். அன்றிலிருந்து பேசவில்லை. அதனால் வந்த நஷ்டத்தை அவளும் அறிவாள். இரண்டு நாடகம் போயிற்று, ஒரு நல்ல தொடர் போயிற்று. "கொஞ்சம் மாத்திக்கிட்டா என்னவாம்?" என்று கேட்டவர்களிடம், "நீங்க மாத்திக்கிடுங்க, நான் கேக்கேன்" என்பாள். வீம்பு என்று சொன்னார்கள். வீம்புதான். வேறு எது மிச்சமிருந்தது அவளிடம்?

சுல்மா 1993 குளிர்காலத்தில் இறந்தாள். மகள் திரையில் தன் சொந்தக் குரலில் பேசி ஒரு சொல் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். ரெஜின் அதை யாரிடமும் சொல்லி அழவில்லை. ஆனால் ஆறவும் இல்லை.

மறு வருடம் அந்த வேடம் வந்தது. பூலோன் துறைமுகத்தில் மீன் ஏலக்கூடத்தை நடத்தும் ஒரு பெண்ணைப் பற்றிய ஆறு பகுதித் தொடர். நாற்பத்தோரு வயது, உரத்த தொண்டை, வடக்கத்திக்காரி. ரெஜின் ஒரு டாக்சிக்காரனோடு நடுத்தெருவில் சண்டை போட்டதைப் பார்த்துவிட்டு இயக்குநர் அவளைத்தான் வேண்டும் என்று நின்றார். கோடை முழுக்கப் படப்பிடிப்பு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கூந்தலில் செதில். துறைமுகத்துப் பெண்கள் நான்காம் நாளிலேயே அவளை ஏலத்துக்கு ஆள் குறையும்போது கூப்பிட ஆரம்பித்தார்கள். தினமும் வேலை முடிந்ததும் ரெஜின் ஒலிப்பதிவுக்காரரிடம் போய், "பதிஞ்சிருக்கா?" என்று கேட்பாள். "பதிஞ்சிருக்கும்மா, கடல் காக்கா கூட உனக்கு அடங்கிப்போச்சு" என்பார் அவர்.

செப்டம்பரில் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஆள் அமோரி அவளைத் தன் அறைக்கு அழைத்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன், நல்ல சட்டை, எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"ரெஜின், அருமையா பண்ணியிருக்கீங்க. குரல் மட்டும் உகெத் குடுத்துடுவாங்க."

"நான் நடிக்கிறதே வடக்கத்திக்காரிய."

"கரெக்ட். ஆனா நாடு முழுக்க பாக்கற தொடர். மார்ஸேய்ல இருக்கறவனுக்கும் புரியணும் பாருங்க."

"மார்ஸேய்க்காரன் பேசுதது எனக்குப் புரியல. அவனுக்கு யாரு டப்பிங் குடுக்கா?"

"அது வேற. தெக்கத்திப் பேச்சக் கேட்டா ஜனங்களுக்கு வெயில் ஞாபகம் வருது."

"எங்க பேச்சக் கேட்டா?"

அமோரி நேர்மையாக யோசித்தான். "மழை" என்றான்.

இந்த ஐந்தாம் முறையும் அவள் அடித்தும், ஒப்பந்தத்தில் அந்த வரி திரும்பி வந்திருந்தது. கீழே அவள் கையெழுத்தும் இருந்தது. ஆறு பகுதிக்கும் பட்டை எழுதி முடித்தாயிற்று, உகெத்துக்குத் தேதி கொடுத்தாயிற்று. ஒளிபரப்பு நாள் பத்திரிகைகளில் அச்சாகிவிட்டது. இனி கடவுளே வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நினைத்த வாரத்தில் குரல்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள்.

அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. படம் முடியும்போது எங்கள் பெயரையும் போடுங்கள் என்றார்கள். அதை எழுதிய பலகைகளுடன் டப்பிங் கூட வாசலில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்தார்கள். பாதியாக வெட்டிய ஒரு எண்ணெய்ப் பீப்பாயில் கரி போட்டு, காரமான மெர்கேஸ் சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்துத் தின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசலைக் கடந்தால் பாதி ஹாலிவுட் அங்கே நின்று ரொட்டிக்குக் கடுகு விழுது கேட்பது போல இருக்கும். கண்ணைத் திறந்தால் ஒரு முகமும் தெரியாது.

நான்காம் நாள் அமோரி ரெஜினை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். மயோனைஸ் முட்டை வந்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"உங்க ஆசை நிறைவேறப் போகுது, ரெஜின். உங்க குரல் நீங்களே குடுங்க. வியாழக்கிழமை காலையில கூடம் திறந்திருக்கும். சவுண்டு ஆள் ஒருத்தர் வர்றார். பாரிஸ் பேச்சு உங்களுக்கு வரும்னு கேள்விப்பட்டேன். அதுல பேசிட்டாப் போதும்."

"வாசல்ல அவ்வளவு பேரு உக்காந்திருக்காவளே?"

"அவங்க சண்டை வேற, உங்க சண்டை வேற. பதினஞ்சு வருஷமா உங்க குரல அவங்கதானே எடுத்துக்கிட்டாங்க? உங்க வாய்க்கு நீங்க பேசறத யாரு தடுக்க முடியும்?"

இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. ரெஜின் இரண்டு நாள் தூங்கவில்லை. உகெத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. ரெஜின் வெர்பேக்கின் வாயிலிருந்து ரெஜின் வெர்பேக் பேசுவாள். பேச்சு கொஞ்சம் கழுவித் துடைத்தது போல இருக்கும், இருந்தால் என்ன? போவது என்று முடிவு செய்தாள். அந்த முடிவு தப்பு என்று நான் சொல்வேன். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தால் முதல் நாளே ஓடியிருப்பேன்.

வியாழன் காலை பத்து மணி. அவள் வருவதைப் பார்த்ததும் வாசலில் பேச்சு அடங்கியது. உகெத் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு பீப்பாய் அருகே நின்றாள்.

"உள்ள போறியா?"

"ஏங் குரலக் குடுக்கத்தான் போறேன். ஒன் எடத்த எடுக்கப் போகல."

"என் இடம்தான் அது, ரெஜின். பதினஞ்சு வருஷம் உன் மேல் உதடோட மல்லுக்கட்டியிருக்கேன். எனக்கும் அது பிடிச்ச இடம் இல்ல. ஆனா என் இடம்." உகெத் வழியை விட்டு விலகினாள். "போ. கையப் பிடிச்சு நிறுத்த மாட்டேன்."

கதவருகே போகும்போது பின்னாலிருந்து "கருங்காலி" என்றது ஒரு குரல். நாடே மயங்கும் ஒரு அமெரிக்கக் குதிரைவீரனின் கம்பீரமான குரல். சொன்னவர் வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ரெஜின் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இருட்டறையில் ஒலிக்காரர் ஒருவர் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். வாசலைக் கடந்து வந்த வெட்கம் அவர் முகத்திலும் இருந்தது.

"மொதல்ல ஒரிஜினல் சத்தத்தோட ஒரு தடவ கேட்டுக்கங்க. நேரம் பிடிபட்டுடும்" என்று ஹெட்போனைக் கொடுத்தார்.

திரையில் ஏலக்கூடம் வந்தது. ரெஜின், ரப்பர் பூட்ஸ் போட்ட ரெஜின், மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்று ஒரு மொத்த வியாபாரியை நோக்கி வாயைத் திறந்தாள். ஹெட்போனில் அவள் குரல் வந்தது.

பதினைந்து வருடத்தில் அவள் தன் முகத்தோடு தன் குரலைக் கேட்டது அப்போதுதான். தினமும் "பதிஞ்சிருக்கா" என்று கேட்டவள், பதிந்ததைக் கேட்டதே இல்லை. அது சுல்மா. சந்தை மைதானத்தில் வண்டிக்குப் பின்னால் நின்று, இடுப்பில் ஒரு கையும் கரண்டியில் ஒரு கையுமாக, வரிசையில் முந்துகிறவனை அதட்டும் சுல்மா. அதே இழுப்பு, கடைசிச் சொல்லைத் தொப்பென்று போடும் அதே பழக்கம், திட்டும்போது இடையில் வரும் அதே அரைச் சிரிப்பு. எப்போது அம்மாவின் தொண்டை தனக்கு வந்தது என்று ரெஜினுக்குத் தெரியாது. அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது, அமோரி மேல் அல்ல, தன் மேல். இதையா நான் வந்து அழிக்கப் போகிறேன்? மற்றவர்கள் செய்தபோது கத்தினேன், இப்போது நானே செய்யவா வாசலில் அத்தனை பேரைத் தாண்டி வந்தேன்?

"பிடிபட்டுதா மேடம்? இப்ப பட்டையப் பாத்து, கொஞ்சம் மெருகாப் பேசுங்க."

படம் மறுபடி ஓடியது. எழுத்துகள் நகர்ந்து வந்தன. சிவப்புக் கோட்டைத் தொட்டன, தாண்டிப் போயின. ரெஜின் பேசவில்லை. இரண்டாம் முறை ஓட்டினார். பேசவில்லை. மூன்றாம் முறை விளக்கைப் போட்டுவிட்டார்.

"என்னாச்சு?"

"அவதான் பேசி முடிச்சிட்டாளே. நான் வேற என்னத்தப் பேச?" ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

நடைக்கூடத்தில் காப்பிக் கோப்பையுடன் அமோரி நின்றான்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"தொடங்கவே இல்ல. பூலோன்ல பதிஞ்சது இருக்கு. அதப் போடுங்க."

"ரெஜின், விளையாடாதீங்க. ஒப்பந்தம் இருக்கு."

"இருக்கு. வேற குரல் வைக்க ஒங்களுக்கு உரிமை இருக்குன்னு போட்டிருக்கு. அஞ்சு தடவ அடிச்சு அடிச்சு எனக்கு அந்த வரி பாடமாயிட்டு. நான் வந்து திரும்பப் பேசணும்னு எங்கயும் போடல. வேற குரலு வாசல்ல உக்காந்து சாசேஜ் சுட்டுட்டு இருக்கு. போயிக் கூப்பிடுங்க."

"இனிமே எங்க நிறுவனத்துல உங்களுக்கு வேலை கிடைக்காது."

"பொணமா நடிக்கக் கூடவா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

வெளியே வந்தவளை ஏளனச் சீழ்க்கை வரவேற்றது. அரை மணி நேரத்தில் வேலை முடித்துவிட்டாள் என்றுதானே நினைப்பார்கள்? "ஒண்ணும் பேசல" என்றாள். யாரும் நம்பவில்லை. குதிரைவீரனின் குரல்காரர், "ஆமா, சும்மா குளிர் காய உள்ள போனாங்க" என்றார். உகெத் மட்டும் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். மற்றவர்களின் உதடுகளைப் படித்தே வாழ்ந்தவள் அவள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பீப்பாய் அருகே ஒரு ஆள் நிற்க இடம் விட்டாள்.

"சாசேஜ் கருகிப்போச்சு. திங்கறியா?"

"குடு."

பதினோரு நாள் ரெஜின் அந்த வாசலில் நின்றாள். முதல் மூன்று நாள் உகெத்தைத் தவிர யாரும் அவளோடு பேசவில்லை. அதுவும் சரிதான். அமோரி நாடகப் பள்ளி மாணவிகளைக் கேட்டுப் பார்த்தான். ஆசிரியர்களுக்குப் பயந்து வரவில்லை. பிரஸ்ஸல்ஸில் ஒரு கூடத்துக்கு நாடாக்களை அனுப்பினான். அங்கிருந்த குரல்காரர்கள் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். ஒளிபரப்புத் தேதி வந்து கழுத்தைப் பிடித்தது. தொடர் பூலோனில் பதிந்த சத்தத்தோடு, கடல் காக்கைகளோடு, அப்படியே போனது. பின்னால் வந்த கடிதங்களில் பாதி அவளைத் திட்டியது. தெற்கே பெர்ப்பிஞ்ஞான் ஊர்ப் பெண்மணி ஒருவர், பாதிதான் புரிந்தது என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடுவார்கள், மிச்சப் பாதியை அப்போது கேளுங்கள் என்று ரெஜின் தன் கையாலேயே பதில் எழுதினாள்.

ஆனால் அதெல்லாம் அப்புறம். முதல் பகுதி வந்த மாலை அவள் டப்பிங் கூடத்துக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில், வேலைநிறுத்தக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருந்தாள். அலமாரிக்கு மேலே சின்னத் தொலைக்காட்சி. திரை முழுக்க அவள் முகம் வந்ததும் கடை அமைதியானது. அவள் வாயைத் திறந்தாள். மொத்த வியாபாரியின் மீனையும் மீசையையும் சேர்த்து அவள் ஏசிய ஏச்சில் குதிரைவீரன் பியரை மூக்கு வழியே விட்டார். கடை முழுவதும் சிரித்தது, அவளைப் பார்த்து அல்ல, அவளோடு சேர்ந்து.

ரெஜின் பக்கத்தில் பார்த்தாள். உகெத் சிரிக்கவில்லை. திரையில் இருந்த உதடுகளோடு சேர்ந்து அவள் உதடுகளும் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன, பதினைந்து வருடப் பழக்கம். சற்று நேரத்தில் அவை ஒரு வார்த்தை பிந்தின. பிறகு நின்றுவிட்டன. உகெத் நாற்காலியில் சாய்ந்து, முதல் முறையாக வெறுமனே கேட்டாள். ஒரு காட்சி முடியும் வரை கேட்டாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா ரெஜின்? உன் குரல் ஒண்ணும் அவ்வளவு அழகா இல்ல."

"தெரியும். ஆனா அது என்னுது" என்றாள் ரெஜின்.

கடைக்காரர் எட்டிப் போய்ச் சத்தத்தை இன்னும் கூட்டிவைத்தார்.